கடல் மட்டமும் அண்ணனின் மூன்று ஏக்கரும்

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணியில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் இயற்பியல் டீச்சர் நான். இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒரே ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே சுற்றும் செயற்கைக்கோள் ரேடார் அலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துக் கடல் மட்டத்தை அளக்கிறதாம். பசிபிக் கடலில் தென்னமெரிக்கப் பக்கம் தண்ணீர் சூடேறி, ஒரு சாண் உயர்ந்திருந்தது. அதற்குப் பெயர் எல் நினோ. இந்தியாவில் மழை பொய்க்கலாம் என்றது கட்டுரை.

எனக்கு அது போதும். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் ரகம் நான்.

புரட்டாசியில் வத்திராயிருப்பிலிருந்து அண்ணன் வந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவர்.

"ஏட்டி, நெல்லுக்கு நாத்து பாவலாம்னு இருக்கேன். என்ன சொல்லுத?"

"வேண்டாம்ணே. இந்த வருசம் மழை கிடையாது. சேட்டிலைட்டே சொல்லுது."

"அம்புட்டு உசரத்துல இருந்து பாக்குதுன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நெல்லை விட்டுவிட்டு மூன்று ஏக்கரிலும் உளுந்து விதைத்தார்.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. கண்மாய் நிரம்பி மறுகால் போனது. ஊரெல்லாம் நடவு நடந்தது. அண்ணனின் உளுந்து தண்ணீரில் அழுகியது.

பத்திரிகையை மறுபடி எடுத்துப் படித்தேன். அது பேசியது ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடியும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றி. நாங்கள் நம்பியிருப்பதோ ஐப்பசி கார்த்திகை மழையை. எல் நினோ வருஷத்தில் இந்த மழை கூடுதலாகக்கூடப் பெய்யும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். செயற்கைக்கோள் கடலைச் சரியாகத்தான் அளந்திருக்கிறது. வாயை அளக்காமல் விட்டது நான். வெட்கமாக இருந்தது.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் கேட்டவர்களிடம், "நாந்தான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்" என்றாராம். அண்ணி சொல்லித்தான் தெரியும். அதற்கு அண்ணன் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வருஷம் புரட்டாசிக்குள் கிடைத்ததையெல்லாம் படித்துத் தயாராக இருந்தேன். அண்ணன் வந்தார், சாப்பிட்டார், என் பிள்ளைகளைக் கொஞ்சினார். நாற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. வழியனுப்பப் போன பஸ் ஸ்டாண்டில் பொறுக்கமாட்டாமல் நானே கேட்டேன்.

"நாத்து பாவ வேண்டாமாண்ணே?"

"நேத்தே பாவிட்டுத்தான் வாரேன் தாயி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.