தையலம்மாள் இருந்த பெட்டி வண்டி

குருவிநத்தத்தில் தெய்வநாயகத்துக்கும் அவருடைய அண்ணன் சிங்காரவேலுவுக்கும் பொதுவில் கரும்பும் நெல்லும் விளைகிற நிலம் இருந்தது. ஒரே வீடு, ஒரே உலை. 1934ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் தெய்வநாயகத்தின் மனைவி தையலம்மாள் இருமியபோது முந்தானையில் ரத்தம் பட்டது. அதை அவள் மடித்து மறைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, மறுநாளே வண்டி கட்டிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார். தீர்த்துவைக்கிற மருந்து எதுவும் தன்னிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பாலும் முட்டையும் கொடுக்க வேண்டும், குழந்தைகளை அண்ட விடக் கூடாது, காற்றோட்டமான இடத்தில் தனியாக வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஈரம் ஆகவே ஆகாது என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் அண்ணன் பிள்ளைகள் நாலு பேர். தெய்வநாயகத்தின் மகள் சுலோசனாவுக்கு நாலு வயது. தையலம்மாளை வெளியே வை என்று யாரும் சொல்லவில்லை. அண்ணி விருத்தாம்பாள் ஒரு தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, கிணற்றடியில் நின்று அழுதாள். அவ்வளவுதான். தெய்வநாயகமே பேச்சை எடுத்தார். கரும்புக் கொல்லையில் அவளுக்கு ஓர் இடம் பண்ணிக்கொள்கிறேன் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சரியென்றார்.

அந்தச் சமயம் பாகூர்ச் சாலையில் ரோடு வேலை முடிந்து, மேஸ்திரி குடியிருந்த பெட்டி வண்டி ஒன்று ஓரமாகக் கிடந்தது. நாலு சக்கரம், பலகைச் சுவர், வளைந்த தகரக் கூரை, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், ஏறி இறங்க மூன்று படி. தெய்வநாயகம் கான்டிராக்டரைப் பார்த்து அதை விலைக்கு வாங்கி, நாலு மாடு பூட்டிக் கொண்டுவந்து கரும்புக் கொல்லையின் மேட்டில் மாமரத்தடியில் நிறுத்தினார்.

கோடை நன்றாகத்தான் போயிற்று. இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டால் ஆற்றுக்காற்று நேராக வந்து போகும். தையலம்மாளுக்குக் கன்னம் கொஞ்சம் உப்பியது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, எந்த வாய்க்கால் உடைத்துக்கொண்டது என்று அவருக்குச் சொல்வாள். ஆடி முழுக்க இருமலில் ரத்தம் இல்லை. அவள் பிழைத்துக்கொள்வாள் என்றே தெய்வநாயகம் நம்பினார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒன்பதாம் நாள் சற்று வெயில் தலைகாட்டியபோது அவர் அவளுடைய பாயை உதற எடுத்தார். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். சுவரைத் தொட்டார், பலகை ஊறிப்போய் விரல் பதிந்தது. கூரைத் தகரம் சுவர்மேல் உட்காரும் இடுக்கிலும் ஜன்னல் சட்டத்தின் மூலைகளிலும் பழைய தார் வெடித்து உதிர்ந்திருந்தது. மழை அந்த வழியாக ஒன்பது நாளாக இறங்கியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னா மழையிலயே கூரைமேல ஏறுவீங்க. உங்களுக்கும் நெஞ்சுல சளி கட்டிக்கினா சுலோவுக்கு யாரு இருக்காங்க?" என்றாள்.

அன்றைக்கே ஒரு டின் தார் வாங்கிவந்து உள்ளும் புறமும் கண்ணில் பட்ட இடுக்குக்கெல்லாம் அப்பினார். மரம் ஈரமாக இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. அடைத்தால் போதும் என்று நினைத்தார். நாலு நாளில் வண்டிக்குள் ஒரு முடைநாற்றம் எழுந்தது. பலகைகள் வியர்த்தன. தையலம்மாளுக்குக் காய்ச்சல் ஏறியது. அந்த வாரம் இரண்டு முறை ரத்தம் வந்தது. தான்தான் கெடுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் ஆற்றைத் தாண்டிக் கடலூருக்கு நடந்தார்.

துறைமுகத்தில் படகுகளுக்கு இடுக்கு அடைக்கிற குழந்தைவேல் என்பவரைப் பிடித்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். புதுச்சேரி எல்லையில் சுங்கக்காரன், படகு இடுக்கில் ஊற்றுகிற குங்கிலியப் பிசின் மூட்டையைப் பிரித்து முகர்ந்துவிட்டுப் போக விட்டான். வண்டிக்கு வந்ததும் குழந்தைவேல் உள்பக்கத் தாரில் கத்தியை விட்டு நெம்பினார். அதன் பின்னாலிருந்து தண்ணீர் கசிந்து வழிந்தது.

"ஈர மரத்துமேல பூசிட்டீங்களே அண்ணே. தண்ணிய உள்ள வெச்சுத் தெச்சா மாதிரி ஆயிப்போச்சு" என்றார்.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். பழைய தார் மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். மரம் நன்றாகக் காய வேண்டும். அடைப்பது வெளிப்பக்கம் மட்டும்தான். மேலிருந்து கீழாக வர வேண்டும். அடிச்சட்டத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், தப்பி இறங்குகிற தண்ணீர் வெளியேற. ஆள் மூச்சுவிடுவதே ஈரம் என்பதால் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தே வைக்க வேண்டும்.

மரம் காய்கிறவரை தையலம்மாளை வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் வைத்தார்கள். தை வரைக்கும் அங்கே வேலையில்லை. மழை விட்டிருந்தது. தெய்வநாயகம் வண்டிக்குள் கரிச்சட்டிகளை மூட்டிவைத்து, பகலெல்லாம் கதவைத் திறந்து போட்டு, உளியால் தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை விருத்தாம்பாள் பால் கொண்டுவந்தாள். சுலோசனாவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வரப்பைத் தாண்டி வராதே என்று சொல்லி நிறுத்தியிருந்தார்கள். நின்ற இடத்தில் குழந்தைக்குக் காலில் முள் குத்தியது.

"அம்மா, முள்ளு" என்று அழுதபடி விருத்தாம்பாளைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள்.

விருத்தாம்பாள் திகைத்துப்போய்க் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். தையலம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள், கேட்டிருக்கிறாள். "பெரியம்மான்னு சொல்லுடி" என்று விருத்தாம்பாள் குழந்தையை அதட்டினாள்.

"வுடுக்கா. அப்படியே கூப்புடட்டும், திருத்தாத" என்றாள் தையலம்மாள். "முள்ள எடுத்துவுடு மொதல்ல."

உளியைப் பிடித்தபடி தெய்வநாயகம் வண்டிமேல் நின்றிருந்தார். இறங்கக் காலை வைத்தவர் மறுபடி ஏறிச் சுரண்ட ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்துக் குழந்தைவேல் வந்து பலகையைத் தட்டிப் பார்த்துச் சரியென்றார். பஞ்சுத் திரியை இடுக்குகளில் உளியால் இறுக்கி, குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிச் சூட்டோடு ஊற்றினார்கள். இரண்டு நாள் வேலை. தையலம்மாள் வண்டிக்குத் திரும்பினாள்.

கார்த்திகையில் புயல் மழை. விடிந்ததும் தெய்வநாயகம் ஓடிப்போய்ச் சுவர் முழுக்கக் கையால் தடவினார். மூலைகளில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாத் தூங்கினேன் என்றாள். மழை ஓயும்வரை அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அன்று அவர்கள் நெடுநேரம் பேசினார்கள்; கரும்பு வெட்டைப் பற்றி, அவளுடைய தம்பி கல்யாணத்தைப் பற்றி, சுலோசனாவுக்குக் காது குத்துவதைப் பற்றி.

ஆனால் ஐப்பசியில் அவள் நெஞ்சுக்குள் இறங்கிய ஈரம் போகவே இல்லை. மாசி மாதம், வானத்தில் மேகமே இல்லாத ஒரு முன்பகலில் தையலம்மாள் இறந்தாள். கடைசி நேரத்தில், மகளை அருகில் அழைத்துவரவா என்று அவர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். குழந்தையைத் தூரத்தில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் காட்டினார்கள்.

வண்டியைக் கொளுத்திவிட வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதுவும் சரிதான் என்று அவரே தீ வைத்தார். குங்கிலியம் இருந்ததால் சீக்கிரம் பற்றிக்கொண்டது.

தெய்வநாயகம் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மூன்று வருஷம் கேட்டுப் பார்த்து விட்டுவிட்டார். புரட்டாசி பிறந்தால் யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று தெய்வநாயகமே விசாரித்துக்கொண்டு போவார். மரம் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் எதையும் அடைக்க மாட்டார்.

1941இல் உறுவையாறு கிராமத்தில் ராமாயி என்ற பெண்ணுக்கு அதே நோய் என்று கேள்விப்பட்டு, முன்பின் அறிமுகமில்லாத ஒரு வீட்டுக்குக் குங்கிலியச் சட்டியோடு நடந்தார். அவளுக்கென்று ஒதுக்கியிருந்த பலகை அறையை எட்டு நாள் அங்கேயே தங்கிக் காயவைத்து அடைத்துக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, வில்லியனூர்த் தேர்த் திருவிழாவில் அந்தப் பெண்ணே எதிரில் வந்து வணங்கினாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. உடம்பு தேறி ஆளே மாறியிருந்ததால் நீங்கள் யார் என்று அவர் கேட்க, அவள் ஊரைச் சொன்னாள். நல்லாயிரும்மா என்று சொல்லிவிட்டுத் தேர் நிலைக்கு வரும்வரைகூட நிற்காமல் ஊர் திரும்பினார். விருத்தாம்பாள் இலை போட்டுக் கூப்பிட்டாள். பசியில்லை என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.