நாலு பிடி கோதுமை

அந்த லேபிளை எழுதியது நான்தான். அம்மாவும் பக்கத்து வீடுகளில் உள்ள நான்கு பெண்களும் சேர்ந்து புட்டுப்பொடி விற்கத் தொடங்கியபோது, கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் பாக்கெட்டின் முகம் என் பொறுப்பில் வந்தது. ஒரு வாழையிலை, அதன்மேல் ஆவி பறக்கும் புட்டுக்குற்றி (எங்கள் பேச்சில் புட்டுக்குழல்), கீழே தமிழிலும் மலையாளத்திலும் பெயர். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் எதையும் அதோடு விடத் தெரியாதே! ஓரத்தில் ஒரு பச்சை வட்டம் போட்டு, அதற்குள் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதினேன். உள்ளே இருப்பது வெறும் அரிசி. அரிசியில் குளூட்டன் கிடையாது. தாவரவியலில் முதுகலை முடித்தவளுக்கு இதில் என்ன சந்தேகம்?

அந்தச் சொல்லைத்தான் இரண்டு வருடமாக நான் கடை கடையாகத் தேடிக்கொண்டிருந்தேன். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என் உடம்புக்கு ஆகாது என்று தெரிந்த நாளில், டாக்டர் எண்டோஸ்கோபி படத்தைத் திருப்பிக் காட்டினார். நல்ல குடலின் உட்சுவரில் பொடிப்பொடி விரல்களைப் போலத் தூவிகள் நிறைந்திருக்கும். உணவின் சத்தை உறிஞ்சுவது அவைதான். என் குடலில் அந்த இடம் வழித்துப் போட்ட தரை மாதிரி இருந்தது. அம்மா அழுதாள். நான் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். கல்லூரி ஆய்வகத்தில், முளைவிட்ட பயற்றின் வேர்நுனியில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் இந்தத் தூவிகளை! மண்ணிலிருந்து வேர் உறிஞ்சுவதைப் போலவே நாமும் உள்ளே உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். கோதுமையை அடியோடு விட்டால் தூவிகள் திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர். “ஒரு துணுக்கு கூட வேண்டாம்” என்றும் சொன்னார். அந்தத் துணுக்கு எவ்வளவு சின்னது என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

ஊரில் இதை விளங்க வைப்பது பெரும்பாடு. கேரள எல்லையை ஒட்டிய எங்கள் குன்னத்துகால் பக்கம் பாதி வீடுகளில் சர்க்கரை நோய்க்கு மருந்தாக ராத்திரி சப்பாத்திதான். அம்மாவின் கூட்டத்தில் மூத்தவளான அத்தை, அதாவது எங்கள் கீழ்வீட்டுக்காரி, என்னைக் கண்டால் சும்மா விட மாட்டாள்.

“எனக்கு அரிசி ஆகாது, உனக்கு கோதம்பு ஆகாது. நாம ரெண்டுபேரும் ஒரு வீட்டில இருந்தா அடுப்பே பத்த வைக்க வேண்டாம், கேட்டியா?”

“மரச்சீனிக் கிழங்கு அவிக்கலாம் அத்தை.”

“அதுவும் எனக்கு ஆகாது மக்கா. சுகரு கூடும்.”

கோதுமையை நினைத்தால் எனக்கு ஒரு வியப்பு உண்டு. இந்த எல்லைப் பக்கத்தில் யாரும் கோதுமைப் பயிரைக் கண்ணால் கண்டதில்லை. பட்டம் வாங்கிய நானே உலர்ந்த மாதிரியாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு செடி, எங்கோ வடக்கே வளர்ந்து, எங்கள் பெருங்காயக் கட்டிக்குள்ளும் சோயா சாஸுக்குள்ளும் மிக்சருக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

அதனால் லேபிள் எழுதும் முன்னால் நான் விசாரிக்காமல் இல்லை. எங்கள் அரிசியைப் பொடிக்கும் மில்லுக்குப் போய், மில்லுக்கார மாமனிடம் நேரடியாகவே கேட்டேன். “மாமா, இங்க கோதம்பு பொடிக்கியது உண்டா?”

“கோதம்பா? இப்ப யாரு மக்கா அத பொடிக்கக் கொண்டு வாறா? எல்லாரும் பாக்கெட்டு மாவுல்லா வாங்குதாவ. இங்க மிளகாய், மல்லி, அரிசி. அவ்வளவாக்கும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் மூன்று முறை பொடித்த மாவில் நான் தினமும் புட்டு தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெருங்கடவிளை சந்தையில் பாக்கெட் எடுக்கும் கடைக்காரர், புட்டு லேசாக எரிக்கிறது என்று ஒருத்தர் குறை சொன்னதாகச் சொல்லியனுப்பினார். மில்லில் ஒரே மெஷின்தான். மிளகாய் பொடித்த பிறகு எங்கள் அரிசி விழுந்திருக்கிறது. அம்மா மாமனிடம் போய், “அண்ணே, நம்ம அரிசிக்கு முந்தி மெஷின நல்லா கழுவித் தரணும்” என்று கேட்டுக்கொண்டாள். அவரும் சரி என்றார். அடுத்த பொடி பூப்போல வெளுத்து வந்தது.

அந்த வாரம்தான் கோட்டுகாலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். மலையாளத்தில் பேசினார். ஏழு வயது மகளுக்கு எனக்குள்ள அதே கேடு. குழந்தை புட்டு கேட்டுக் கேட்டு அழுகிறாள், கடைப் பொடிகளை நம்பப் பயமாக இருக்கிறது, உங்கள் பாக்கெட்டில் வட்டத்தைப் பார்த்தேன் என்றார். “நம்பலாம் சேச்சி, நானே தின்கிறேன்” என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! வெள்ளிக்கிழமை, அந்த வழியாகப் போன ஒருவரிடம் ஐந்து பாக்கெட் கொடுத்தனுப்பினோம். எல்லாம் புதிய பொடி, கடைக்குக்கூட இன்னும் போகாதது.

சனிக்கிழமை காலையில் அதே பொடியில் அம்மா எனக்குப் புட்டு அவித்தாள். மட்டி வாழைப்பழம் சேர்த்துப் பிசைந்து இரண்டு குற்றி தின்றேன். பத்து மணிக்கு அரசு வேலைத் தேர்வுக்கான புத்தகத்தை விரித்தபோது, ஒரே வரியை நான்காம் முறை வாசிக்கிறேன் என்று உறைத்தது. தலைக்குள் ஈரத்துணியைப் போட்டு மூடியது போல ஒரு மந்தம். பிறகு வயிறு தேங்காய் போல இறுகி வீங்கியது. அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். குளியலறைச் சுவரில் எத்தனை டைல் இருக்கிறது என்று எனக்கு இப்போதும் தெரியும்.

ஆனால் அந்த வலிக்கு நடுவிலும் எனக்குள் ஒருத்தி அசந்து நின்றாள். என் கண்ணுக்குத் தெரியவில்லை, நாக்குக்குத் தெரியவில்லை, மூக்குக்குத் தெரியவில்லை. குடல் கண்டுபிடித்துவிட்டது. இருட்டில், யாரும் சொல்லாமல், இரண்டு குற்றி அரிசி மாவுக்குள் கிடந்த ஏதோ ஒரு தூளை அது அடையாளம் கண்டு ஊரையே எழுப்பிவிட்டது. என்ன ஒரு காவல்! தப்பான எதிரியைப் பிடிக்கும் காவல்தான். இருந்தாலும்.

மதியம் தாண்டி நான் எழுந்து உட்கார்ந்தபோது அம்மா பழத்தைச் சந்தேகப்பட்டாள். முந்தின நாள் தின்ற கடலைக் கறியைச் சந்தேகப்பட்டாள். புதியது பொடி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றிய கணத்தில் போனைத் தேடினேன். கோட்டுகால் குழந்தை!

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொடியைத் தொட வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். அவர் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில்தான் மில். கோதுமை இல்லாத இடத்தில் கோதுமை எப்படி வந்தது என்று தெரியாமல் அந்த வாசலைத் தாண்ட என்னால் முடியவில்லை.

துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன். மாமன் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

“எங்க அரிசிக்கு முந்தி மெஷின எப்பிடி மாமா கழுவுனிய?”

“எப்பிடின்னா? கோதம்பு போட்டுத்தான்.”

“கோதம்பா!”

“பின்ன? வெள்ளம் ஊத்திக் கழுவ இதென்ன சட்டியா பானையா? ரெண்டு பிடி கோதம்பு போட்டு ஓட்டினா மிளகாய் எரிப்பு எல்லாத்தையும் வாரிட்டு வந்துரும். முந்தி யாருக்கும் கழுவியதில்ல. உங்க அம்மை வந்து சொன்னதுக்கு அப்புறம் உங்க அரிசிக்கு மட்டும், அதுவும் நாலு பிடியாக்கும். என் ரேஷன் கோதம்பு. மாவு என் பசுவுக்கு.”

“கோதம்பு பொடிக்கியதில்லன்னு சொன்னியளே மாமா?”

“பொடிக்கியதில்லியே! கழுவுதேன்.”

அவர் முகத்தில் களங்கமே இல்லை. எங்களுக்காகக் கூடுதல் அக்கறை எடுத்த மனிதருடைய முகம் அது. நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கி நின்றது. அந்தத் தூணுக்குள் மாவு பறந்துகொண்டிருந்தது. எந்தத் துகள் அரிசி, எந்தத் துகள் கோதுமை? உத்தரத்திலும் ஸ்விட்ச் போர்டிலும் மாமனின் புருவத்திலும் அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் சொன்ன துணுக்கு இவ்வளவுதான் என்று அப்போது கண்டேன். வெயில் இல்லாவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

விஷயத்தைச் சொன்னதும் மாமன் பதறிப் போனார். “அய்யோ, அந்தக் கொச்சுப் பிள்ளை தின்னுட்டுதா? நிக்காத மக்கா, போ, போ!”

நெய்யாற்றின்கரையின் நெரிசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, கேட்டுக் கேட்டு அந்த வீட்டை அடைந்தபோது நாலு மணி காப்பி நேரம். கதவு திறந்திருந்தது. அடுக்களையில் அந்தப் பெண் வாய் அகன்ற பாத்திரத்தில் பொடியைத் தட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து விரவிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் மெலிந்த ஒரு சிறுமி, கையில் தேங்காய்த் துருவலோடு.

“வேண்டாம் சேச்சி! அது வேண்டாம்!”

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். லேபிள் என் வேலை, தப்பும் என் தப்பு என்றேன். அவர் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு ஒரு அலமாரியைத் திறந்து காட்டினார். பிஸ்கட், சேமியா, சத்துமாவு, எல்லாம் பாதி தீர்ந்த பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் என் வட்டத்தைப் போலவே ஒரு வட்டம். ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவால் மலையாளத்தில் எழுதியிருந்தது: தின்ற நாள், வயிறு வலித்த நேரம், எடை குறைந்தது எவ்வளவு. நான் படித்த ஆய்வகத்தில் இப்படி ஒரு குறிப்பு யாரும் வைத்ததில்லை.

“ஓடி வந்து சொன்னது நீ மாத்திரம்தான் மோளே” என்றார்.

சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சேச்சிக்கும் கோதம்பு ஆகாதா?”

“ஆகாது.”

“வாயில புண்ணு வருமா?”

“வரும். உனக்கு?”

அவள் கீழுதட்டை மடித்துக் காட்டினாள். நானும் மடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். என் காவலாளியைப் போலவே ஒன்று வேறொரு உடம்புக்குள்ளும் விழித்திருப்பதை முதல்முறையாக நான் நேரில் பார்த்தேன். பிறகு அவள் பாத்திரத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “அப்போ இன்னைக்கும் புட்டு இல்ல?”

வீட்டுக்கு வந்து சொன்னபோது, மீதிப் பாக்கெட்டுகளோடு ஐந்து பெண்களும் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். கத்தரிக்கோலால் ஒவ்வொரு லேபிளிலிருந்தும் என் பச்சை வட்டத்தை வெட்டியெடுத்தோம். “எம்.எஸ்ஸி. வெட்டு நல்லா வட்டமா உண்டு” என்றாள் அத்தை. அம்மா மட்டும் எழுந்து உள்ளே போனாள். அரிசியைக் கழுவி ஊறப்போட்டுவிட்டு வந்தாள். இந்த விற்பனை தொடங்கும் முன்னால் எனக்காக அவள் மாவு பொடித்தது மிக்சியில்தான். கோதுமை தொடாத மிக்சி, எனக்கென்று ஒதுக்கிய சல்லடை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை கலைந்ததும், அம்மா வறுத்துத் தந்த பொடியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டு மறுபடியும் கோட்டுகால் போனேன். என் உடம்பு இன்னும் சரியாகவில்லை. டப்பாவின் மேல் எந்த லேபிளும் இல்லை. எந்த அரிசி, எங்கே பொடித்தது, அந்த மிக்சியில் வேறு என்னென்ன அரைக்கிறோம் என்று சிறுமியின் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகுதான் குற்றியை அடுப்பில் ஏற்றினார். சிறுமி ஒரு குற்றிப் புட்டை, ஒரு பருக்கை சிந்தாமல், பேசாமல் தின்றாள்.

இப்போது மில்லுக்கார மாமன் மெஷினைக் கழற்றி பிரஷ் போட்டுத் துடைத்து, கோதுமைக்குப் பதில் பொடியரிசி போட்டு ஓட்டுகிறார். மாவைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை லேபிளில் வட்டம் கிடையாது. ‘மிளகாய் பொடிக்கும் மில்லில் பொடித்தது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

டப்பா கொடுத்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை முழுக்க நான் போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அழைப்பு வரவில்லை. மதியமும் வரவில்லை. அந்த மெலிந்த வயிற்றுக்குள் தூவிகளும் காவலாளியும் நான் கொடுத்த மாவைத் துகள் துகளாகப் புரட்டிப் பார்ப்பதை நினைத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மணி அடித்தது.

“ஒண்ணும் இல்ல மோளே” என்றார் அந்த அம்மா. “ஸ்கூல் போய் வந்து முற்றத்தில ஓடிக் களிக்கிறா. ஒண்ணுமே இல்ல.”