பட்டியலில் அப்பா

நல்ல பழக்கங்களை விடாமல் பிடிக்க போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். தண்ணீர் மூன்று லிட்டர், நடை அரை மணி, அப்பாவுக்கு போன். ஒவ்வொன்றையும் முடித்ததும் டிக் போட வேண்டும். முதல் இரண்டும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் தினமும் டிக் விழுந்தது. சாயங்கால ரயிலில், கம்பியில் தொங்கியபடி, "சாப்டியாப்பா, மாத்திர போட்டியா?" என்று கேட்டு, ஊரப்பாக்கம் வருவதற்குள் வைத்துவிடுவேன். அதற்கு மேல் பேச உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பாழாய்ப்போன ஆப் மணியடித்தது. அப்பா போனை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாடா, தண்ணிக்கும் நடைக்கும் கீழ என்னப் போட்டு வச்சிகீற?"

விளக்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

மறுநாள் ரயிலிலிருந்து கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"சாப்ட்டேன். மாத்திரையும் போட்டுக்கினேன். நீ அலுத்துப்போய் வந்துகினு இருப்ப, பேச வேணாம். டிக்கு போட்டுக்கோ."

வைத்துவிட்டார்.

நான் டிக் போட்டேன்.