ஒரு முழம் சிவப்புத் துணி

பேருந்துப் பணிமனையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'கந்தல்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். முப்பது வருட மெக்கானிக். கிரீஸ் படிந்த கையைத் துடைக்க அங்கே துணி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் கிழிந்த சீட் உறையோ, காற்றில் பறந்து வந்த கைக்குட்டையோ, கண்ணில் பட்ட துணியை நோக்கி அவர் கை தானாக நீளும். துடைத்து, மடித்து, பைக்குள் போட்டுக்கொள்வார்.

"நான் கண்ணை மூடினா, முதல்ல என் புடவையைக் கிழிச்சுப் பையில வச்சுட்டு அப்புறம்தான் அழுவீங்க" என்பாள் மனைவி.

மாதம் ஒருமுறை இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும். அன்றைக்கு அவருக்குச் சைக்கிள்தான் உலகம். பின்னால் சுருட்டிக் கட்டிய கூடாரம், ஒரு சின்ன அடுப்பு, தண்ணீர் பாட்டில்கள். வயல்வெளிச் சாலைகளில் தன்னந்தனியாக மிதித்துக்கொண்டே போய், யாரிடமாவது அனுமதி கேட்டு அவர்கள் நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவார்.

"வீட்ல மெத்தை இருக்கு. ஊரான் வயல்ல போய் உருளணும்னு என்ன தலையெழுத்து உங்களுக்கு?"

"அங்கே யாரும் வந்து 'பிரேக் பிடிக்கலை'ன்னு நிக்க மாட்டாங்கடி."

அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார் அந்த அப்பாவி.

பத்து மணி வாக்கில் ஒரு முட்டைக்கோஸ் வயலருகே சங்கிலி கழன்றது. மாட்டி முடித்தபோது இரண்டு கையும் கருப்பு. பையில் துணி இல்லை. முந்தின நாள்தான் மனைவி எல்லாவற்றையும் துவைக்கப் போட்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தார். வரப்பு முனையில் ஒரு குச்சி. அதில் ஒரு முழம் சிவப்புத் துணி.

யோசித்தாரா? இல்லை. முப்பது வருடப் பழக்கம் யோசிக்க விடுமா? அவிழ்த்தார், துடைத்தார், ஹேண்டில்பாரில் சுற்றிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் காற்றிலிருந்த நெடி உறைத்திருக்கும். டீசல் புகையில் மரத்துப்போன மூக்கு அவருடையது.

வழியில் நின்று நின்று போய், மதியம் இரண்டு மணிக்கு ஒரு பழத்தோட்டத்தை அடைந்தார். தோட்டக்காரப் பெண்மணி தாராளமாகத் தங்கச் சொன்னாள். கூடாரத்தைக் கட்டி முடித்தபோது ஒரு குடம் தண்ணீரோடு வந்தவள், சைக்கிளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணே, அந்தச் சிவப்புத் துணி ஏது?"

"வர்ற வழியில ஒரு குச்சியில இருந்தது. கை துடைக்க எடுத்தேன்மா."

"ஐயோ! மருந்து அடிச்ச வயலுக்குக் கட்டறதுண்ணே அது! மூணு நாளைக்கு உள்ளே கால் வைக்கக் கூடாதுன்னு அர்த்தம். துணி இல்லேன்னா களை எடுக்க இறங்கிடுவாங்களே! யார் வயல்?"

"தெரியலையே... நீலக் கதவு போட்ட மோட்டார் அறை... முட்டைக்கோஸ்..."

அடையாளம் புரிந்து அவள் அந்த வயல்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்க மாட்டேங்கறாங்க. பைக்கையும் என் வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார். நீங்க எதுக்கும்..."

அவள் முடிப்பதற்குள் அவர் மிதிக்கத் தொடங்கியிருந்தார். கூடாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

இருபது கிலோமீட்டர். எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. 'யாரும் இறங்கியிருக்கக் கூடாது, யாரும் இறங்கியிருக்கக் கூடாது' என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் அப்படி அழுததில்லை. கண்ணீரைத் துடைக்கக்கூட ஒரு கையை எடுக்கவில்லை.

தூரத்திலேயே கூட்டம் தெரிந்தது.

நீலக் கதவுக்கு முன்னால் ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, வாயோரம் நுரை, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அவர் போன கொஞ்ச நேரத்திலேயே களை எடுக்க இறங்கியிருக்கிறாள். அந்தக் கையாலேயே சோறும் சாப்பிட்டிருக்கிறாள். பக்கத்தில் அவள் புருஷன், மருந்து அடிக்கிற ஆளின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"குறி கட்டாம போனியேடா பாவி! உன் வீட்டுப் பொம்பளையா இருந்தா இப்படிச் செய்வியா?"

"கட்டினேன்! என் பிள்ளைங்க மேல சத்தியமா கட்டினேன்! நம்புப்பா!"

"கட்டினா எங்கேடா? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

கந்தலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேடிக்கை பார்க்க நின்ற வழிப்போக்கன் என்று நினைத்திருப்பார்கள். அப்படியே சைக்கிளைத் திருப்பியிருந்தால் இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. பழி முழுக்க அந்த மருந்துக்காரன் தலையில் விடிந்திருக்கும்.

அவர் சைக்கிளைக் கீழே போட்டார். துணியை அவிழ்த்து நீட்டினார்.

"அவரை விட்டுடுங்க தம்பி. அவர் கட்டினார். அவிழ்த்தது நான்."

காலரிலிருந்து கை மெல்ல நழுவியது. புருஷன் அந்தத் துணியையும், அதிலிருந்த கருப்பு விரல் தடங்களையும் பார்த்தான்.

"எதுக்கு?"

"கை துடைக்க."

அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவன் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வேன் வந்துவிட்டது. மருந்துக்காரன் காலி மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறினான், டாக்டரிடம் காட்ட. கந்தல் சைக்கிளில் பின்தொடர்ந்தார்.

இரண்டு நாளும் ஆஸ்பத்திரி நடைபாதையில், சுவரோரமாகக் குந்தியிருந்தார். போலீஸ்காரர் வந்தபோது சொன்னதையே மறுபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மனைவி போனில் அழுதாள்: "ஒரு துணிக்காகவாங்க? ஒரு துணிக்காகவா?" மூன்றாம் நாள் காலை டாக்டர் வெளியே வந்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

இறந்துபோனவளின் வீடு வயல்களுக்கு நடுவே இருந்தது. வேன் சாலையோடு நின்றுவிட்டது; அதற்கப்புறம் ஒற்றையடி வரப்பு. ஊர் ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் புருஷன் பிடித்தான், இன்னொன்றை அவன் தம்பி, மூன்றாவதை மருந்துக்காரன். நாலாவது முனைக்கு ஆள் இல்லை.

சைக்கிளோடு பத்தடி தள்ளி நின்றிருந்தார் அவர். "அந்த ஆளைப் போகச் சொல்லுங்க, கண்ணுல காட்டாதீங்க!" என்று செத்தவளின் அக்கா மண்ணை வாரித் தூற்றினாள்.

புருஷன் அவரை வெகுநேரம் பார்த்தான்.

"பிடிங்க" என்றான். "வரப்பு வழுக்கும். பார்த்து."

அவர் வந்து பிடித்தார்.