மும்பையில் இருக்கிறதாம் என் வீடு!

திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் என் ஃபிளாட். இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். என் வீடு மும்பையில் இருக்கிறதாம்!

சொன்னது ஒரு கம்ப்யூட்டர். அதைக் கொண்டுவந்து காட்டியவள் மேல்வீட்டு ரேவதி.

ரேவதி கோவில்பட்டிப் பெண். அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரிலேயே புழங்கும் பணமான ஒரு கிரிப்டோ கரன்ஸியின் நெட்வொர்க் உலகத்தில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று கணித்து, கிளையன்ட்டுக்கு மேப் போட்டுத் தர வேண்டும். இதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை.

கிரிப்டோ என்றதும் ஏதோ மோசடி என்றுதான் எனக்குத் தோன்றியது. "போலீஸ் கீலீஸ் வருமா ரேவதி?" என்றேன்.

சிரித்தாள். "இல்லக்கா. இதுக்குத் தலைமை ஆபீஸ்னு ஒண்ணு கிடையாது. யாரு யாருக்கு எவ்வளவு அனுப்பினாங்கங்கிற கணக்கோட நகலை அவங்கவங்க கம்ப்யூட்டர்ல வச்சிருப்பாங்க. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பேர்தான் நோடு. எல்லா நோடும் ஒரே நாட்டுல குவிஞ்சு கிடந்தா, அங்க ஒரு சட்டம் போட்டா கதை முடிஞ்சுது. அதான் எங்க இருக்குன்னு பார்க்கிறோம்."

எப்படிப் பார்ப்பது? அவள் எழுதிய புரோகிராம் ஒரு நோடைக் கூப்பிட்டு, உனக்குத் தெரிந்த மற்ற நோடுகள் எவை என்று கேட்கும். பிறகு அவற்றையும் கூப்பிட்டு அதே கேள்வி... இன்டர்நெட் முகவரியை வைத்து ஊரை ஊகிக்கும்.

ஊகம் சரியா தப்பா என்று யார் சொல்வது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். தெரிந்த வீடுகளில் தானே நோடு வைத்தாள். எங்கள் டிவி பக்கத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கொரட்டூரில் தோழி வீட்டில் ஒன்று. காட்டுப்பாக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் டில்லி என்பவர் வீட்டில் ஒன்று.

ரிசல்ட் வந்தது. நான் மும்பை — என் இன்டர்நெட் கம்பெனி அந்த முகவரியை அங்கே பதிவு செய்திருக்கிறதாம். கொரட்டூர், பெங்களூருக்குப் போய்விட்டது. டில்லி? ஆளையே காணோம்! அவர் வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே விடவில்லை.

ரேவதி விஷயத்தைச் சொன்னதும் போனில் டில்லி எகிறினார். "இன்னா சிஸ்டர், நான் பாட்டுக்குப் பொட்டிய ஓட்டிகினு கீறேன், என் ஊடே இல்லேன்றியே!"

ரேவதி சிரிக்கவில்லை. முதலில் போட்டுவைத்திருந்த மேப்பை எடுத்து, இடம் உறுதியாகத் தெரியாத நோடுகளை எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒதுக்கினாள். பாதிப் படம் சாம்பலாகிவிட்டது.

போன சனிக்கிழமை அவள் கம்பெனியில் ஒரு கூட்டம். வெளியாட்களும் வரலாம் என்பதால் என்னையும் அழைத்திருந்தாள். மேனேஜர் மேப்பைத் திரையில் போட்டார். ஊர் ஊராகப் பளிச்சென்று புள்ளிகள். இந்தியாவில் மும்பை ஜொலித்தது. சாம்பலைக் காணோம்!

ரேவதி எழுந்தாள். "சார், இது என் மேப் இல்ல."

"பாதிப் படம் சாம்பலா இருந்தா கிளையன்ட் என்னம்மா நினைப்பாங்க? அரைகுறை வேலைன்னுதானே? அப்புறம் பேசலாம், உட்காரு."

"இப்பவே பேசிடலாம் சார். கடைசி வரிசையில உட்கார்ந்திருக்காங்களே, அந்த அக்கா வீட்டுல நானே ஒரு நோடு வச்சேன். திருமுல்லைவாயில். இந்தப் படம் அதை மும்பைங்குது. என் கையால வச்சதையே தப்பாச் சொல்ற படம், மத்ததைச் சரியாச் சொல்லுமா?"

மொத்த ஹாலும் என் பக்கம் திரும்பியது. வகுப்பில் பேர் கூப்பிட்ட மாதிரி கையைத் தூக்கினேன். "ஆமாங்க... ஆவடிக்கு முன்னாடி வரும்." யாரோ சிரித்தார்கள்.

மேனேஜர் முகம் சிவந்தது. "அப்ப இதுலேருந்து உன் பேரைத் தூக்கிடலாமா?"

வேலைக்கே ஆபத்து வருமோ? வீட்டுக் கடன் கட்டுகிற பெண் அவள்.

"தூக்கிடுங்க சார்," என்றாள் ரேவதி. நேராக மேடைக்குப் போனாள். தன் லேப்டாப்பைத் திரையில் இணைத்தாள். சாம்பல் மேப் வந்தது. ஏன் இந்தச் சாம்பல் என்று நிதானமாக விளக்கினாள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

திங்கட்கிழமை அவளை வேறு டீமுக்கு மாற்றிவிட்டார்கள். கிளையன்ட்டுக்கு எந்த மேப் போனது என்று யாரும் சொல்லவில்லை. அவளோ, தான் செய்த சோதனையைத் தன் பெயரிலேயே இன்டர்நெட்டில் எழுதிப் போட்டுவிட்டாள்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"கோவமா இருக்குக்கா. வருத்தமெல்லாம் இல்ல."

நாம் என்ன செய்கிறோம்? பூந்தமல்லி ரோட்டில் யாராவது வழி கேட்டால், தெரியாது என்று சொல்ல வாய் வருகிறதா? கை தானாக நீள்கிறது — "நேராப் போய் லெஃப்ட்!" டிவி விவாதத்தில் யாராவது 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் ரேவதி தன் பெயரையே விட்டுக்கொடுத்தாள்.

இனி யாராவது என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு வந்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்கப்போகிறேன் — உனக்குத் தெரியாததை எல்லாம் எங்கேப்பா ஒளித்து வைத்திருக்கிறாய்?