இடப்பக்கத்துப் பாதி

வீட்டில் சாமான்கள் காணாமல் போகத் தொடங்கியபோது நான் சந்தேகப்பட்டது என் மனைவி மேகலாவை. போன், சாவி, மூக்குக்கண்ணாடி, எதைத் தேடினாலும் கிடைக்காது. அவள் வந்து மேசையின் இடது ஓரத்திலிருந்து எடுத்துத் தருவாள். "கண்ணெதிர்லதான்யா கீது" என்பாள். ஒளித்துவைத்துவிட்டு நாடகம் ஆடுகிறாள் என்று கத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் இருபத்திரண்டு வருடம் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவன். டிரைவருக்கே எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் வலப்பக்கம் டிரைவருடையது, இடப்பக்கம் கிளீனருடையது. என் கிளீனர் அன்வர் பாய் என்னைவிட மூத்தவர். அவர் கதவில் ஒரு தட்டு தட்டினால் நிற்பேன், இரண்டு தட்டினால் போவேன். இடப்பக்கம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. அதனால் அது போனதும் தெரியவில்லை.

தன் தங்கை மகளின் நிக்காவுக்காகப் பாய் லீவு போட்ட அன்று, திருவொற்றியூர் யார்டுக்குள் தனியாக வண்டியை இடதுபக்கம் திருப்பினேன். ஏதோ நொறுங்கியது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் கீழ் ஒரு சைக்கிள். அதன் சொந்தக்காரர் ஒரு நிமிடத்துக்கு முன்புதான் இறங்கி டீக்கடைக்குப் போயிருந்தார். அந்த சைக்கிள் என் கண்ணில் படவே இல்லை என்பதால் மறுநாளே டாக்டரைப் பார்க்கப் போனேன்.

ஆஸ்பத்திரியில் பார்வைப் புலச் சோதனை (நேரே பார்த்தபடி, பக்கங்களில் மின்னும் புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்துவது) செய்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மூளையோட பின்பக்கத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ரெண்டு கண்ணுலயும் இடப்பக்கப் பாதி தெரியாது" என்றார் டாக்டர். வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொன்னார்.

அந்தப் பாதி இருட்டாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறதோ, எனக்கு இடப்பக்கம் அதுதான் தெரிகிறது.

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் தந்தார்கள். தாள் முழுக்க எழுத்துகள் இருக்கும், 'ம'வை மட்டும் வட்டமிட வேண்டும். வலப்பக்கத்து 'ம' சட்டென்று சிக்கும். இடப்பக்கத்து 'ம'வுக்கு நாக்குத் தள்ளிவிடும். முதலில் பார்வையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தொடங்கச் சொன்னார்கள். நான்கு மாதத்தில் ஒன்றையும் விடாமல் வட்டமிட்டேன். மறுபடியும் ஸ்டியரிங் பிடித்துவிடலாம் என்று ஆசை வந்துவிட்டது.

அன்வர் பாயை டோல்கேட்டுக்குக் கூட்டிப்போய், நான் சாலையைச் சரியாகக் கடக்கிறேனா என்று பக்கத்தில் நின்று சோதிக்கச் சொன்னேன். வலம் பார்த்தேன், இடம் பார்த்தேன். காலி, போகலாம் என்று காலை எடுத்து வைத்தேன். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, என்னை உரசிக்கொண்டு போனாள்.

"வண்டில இருந்திருந்தா ரெண்டு உசுரு நைனா" என்றார் பாய்.

தாளில் 'ம' இருக்கிறது என்று சொல்லித் தேடச் சொன்னார்கள், தேடினேன். சாலையில் இன்னார் வருகிறார் என்று யார் சொல்வார்கள்? அன்றே முதலாளியிடம் வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

இப்போது எதிர்ச்சாரிக் கடைக்குப் போக எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. கழுத்தை முழுக்கத் திருப்பி இடப்பக்கம் பார்க்கிறேன். யாரும் இல்லை. அதை நம்பாமல் மறுபடியும் பார்க்கிறேன்.