ஸ்டோர்க்காரர் கந்தப்பன்

கந்தப்பன் நாற்காலியில் முழுதாக உட்காரமாட்டார், நுனியில் தொற்றிக்கொள்வார். டம்ளரில் பாதி டீ இருக்கும்போதே எழுந்து வாசலுக்குப் போவார். அங்கே ஒன்றுமில்லை என்று திரும்பி வருவார். துபாயிலிருந்து விடுமுறைக்குச் சேந்தமங்கலம் வந்தால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. எதிர்வீட்டில் மாடி எழும்புகிறது. போகும்போதும் வரும்போதும் சாரத்தை ஆட்டிப் பார்த்து, "இந்தக் கவுத்த நம்பித்தான் ஆள ஏத்தறீங்களாக்கும்?" என்று கொத்தனாரின் உயிரை வாங்குவார்.

"ஏனுங்க, ஸ்டோர் ரூம்ல சாமான் எடுத்துக் குடுக்கறவருக்குச் சாரத்தப் பத்தி என்ன கவல?" என்பாள் மனைவி பாவாயி. இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரிந்த உத்தியோகம் அதுதான். "ஏசி ரூமு, உக்காந்த வேல" என்று போனில் அவரே சொன்னது. உண்மையில் அவருக்கு வேலை, மேகத்தைத் தொடுகிற கட்டிடங்களுக்கு வெளியே, சாரத்தின் மேல். சொன்னால் அனுப்பமாட்டாள் என்ற பயத்தில் ஆரம்பித்த பொய், இதுவரை நன்றாகவே ஓடியது.

அடுத்த வாரம் மறுபடியும் விமானம். துபாய்க்குக் கட்டிட வேலைக்குப் போனவர்களைப் பற்றிய படம் நாமக்கல்லில் ஓடுவது பாவாயிக்குத் தெரிந்துவிட்டது. "நீங்க இருக்கற ஊர நானும் பாக்கோணுமுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவர் சொன்ன சாக்கு எதுவும் எடுபடவில்லை.

தியேட்டரிலும் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. திரையில் ஒருவன் உச்சிமாடிச் சாரத்தில், இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கயிற்றில் மாட்டாமலே அடுத்த பலகைக்குக் கால் வைத்தான்.

"ஹூக்கு! மொதல்ல ஹூக்க மாட்றா!"

கந்தப்பன் எழுந்து நின்று கத்திவிட்டார். ஒரு கை முன்சீட்டைப் பிடித்திருந்தது. மறு கை தன் இடுப்பில் இல்லாத கொக்கியைத் துழாவியது. பின்வரிசையில் சிரித்தார்கள். பாவாயி சிரிக்கவில்லை.

படம் முடியும்வரை அவள் திரையை விட்டு அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குத் திட்டியே தொலைத்திருக்கலாம். வண்டி நிறுத்துமிடத்தில்தான் மெதுவாகக் கேட்டாள்: "இந்தத் தடவையும் ஸ்டோர்தானுங்களா?"

"ஆமா புள்ள" என்று சொல்ல வாயெடுத்தார். அதை முடிக்காமல் பைக்கைக் கிளப்பினார்.

நாலு பேர் பார்க்கிற இடத்தில் பாவாயி அவரைத் தொடக்கூட மாட்டாள். பின்கம்பியைப் பிடித்துத்தான் உட்காருவாள். இப்போது பின்னால் ஏறி, இரண்டு கைகளாலும் அவர் இடுப்பை வளைத்து, கொக்கி மாட்டுவதுபோல விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். கந்தப்பன் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.